அலைக்குள்ளே ஒரு படகு, 850 ரூபாய்

வீடு களமசேரியில், வேலை மட்டாஞ்சேரியில். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். இதைச் சொன்னால் ஊரில் இருப்பவர்கள் "அப்பப்ப கடலைப் பாக்கலாமே, குடுத்து வெச்சவன்" என்கிறார்கள். வங்கிக்காரன் பார்க்கும் கடல் எல்லாம் அடமானப் பத்திரத்தில் கிழக்கு எல்லை, மேற்கு எல்லை என்று வரும் கடல்தான் :-)

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கிளையில் வேலை சீக்கிரம் முடிந்தது. ஜூ டவுன் பக்கம் பழைய சாமான் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு கடையின் மூலையில், பித்தளை உருளிகளுக்குப் பின்னால் சட்டம் போட்ட படம் ஒன்று. தூரத்தில் ஒரு கோட்டை, முன்னால் நுரை தள்ளுகிற அலை, அலைக்குள்ளே படகு. கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில்: புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை, தென்கிழக்குத் தோற்றம். நம்ம கோட்டை! கடைக்காரர் நல்ல மனிதர். "சாரே, ஒரிஜினல் அல்ல, பிரிண்டாணு" என்று அவரே சொல்லிவிட்டார். 850 ரூபாய்க்கு வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

வரைந்தவர்கள் தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல். சித்தப்பாவும் பையனும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வில்லியம்தான் எனக்குப் பிடித்துப் போனவர். 1769இல் பிறந்தவர். அப்பா செங்கல் கட்டும் கொத்தனார், லண்டனுக்கு வெளியே செர்ட்சி என்ற ஊரில் ஒரு சத்திரமும் நடத்தினார். அவர் 1779இல் இறந்துபோக, பத்து வயதுப் பையனைச் சித்தப்பா தாமஸ் தன்னோடு சேர்த்துக்கொண்டார். 1785இல் இரண்டு பேரும் கப்பலேறி, சீனா வழியாக 1786இல் கல்கத்தா வந்தார்கள். பையனுக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது. நம் வீட்டில் அந்த வயதுப் பிள்ளையைத் தனியாக டியூஷனுக்கு அனுப்பவே யோசிக்கிறோம்.

கையில் காசில்லாமல் வந்தவர்கள் எப்படி ஏழு வருஷம் இந்தியா முழுக்கச் சுற்றினார்கள் என்பதுதான் என் வங்கிப் புத்திக்கு முதலில் தோன்றிய கேள்வி. விடை: லாட்டரி! கல்கத்தாவில் 150 எண்ணெய் ஓவியங்களைப் பரிசாக வைத்துச் சீட்டு விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் 1792இல் தென்னிந்தியப் பயணம். கடன் இல்லை, வட்டி இல்லை, ஜாமீன் கையெழுத்து இல்லை. சரக்கும் தீர்ந்தது, அடுத்த பயணத்துக்கு முதலும் கிடைத்தது. எங்கள் மேலாளருக்குச் சொன்னேன், ரசித்த மாதிரி தெரியவில்லை.

திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் 1792இல்தான் முடிந்திருந்தது. அந்த மலைக்கோட்டைகளைப் படத்திலாவது பார்த்துவிட இங்கிலாந்தில் ஆள் இருக்கும் என்று சித்தப்பா கணக்குப் போட்டார். மைசூர்ப் பக்கம், மதுரை, பாபநாசம் அருவி, களக்காட்டுப் பக்கமிருந்து தெரியும் குமரிமுனை மலை, தஞ்சாவூர்க் கோயில், திருச்சி மலைக்கோட்டை, மாமல்லபுரம் என்று ஒன்றையும் விடவில்லை. 1793இல் சென்னையிலும் ஒரு லாட்டரி போட்டுவிட்டு பம்பாய்க்குக் கப்பலேறினார்கள். இந்தக் கரையைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். கொச்சி அப்போது டச்சுக்காரர்கள் கையில், ஆங்கிலேயர் பிடித்தது 1795இல்.

1794இல் ஊர் திரும்பினார்கள். 1795 முதல் 1808 வரை 144 படங்களை அச்சிட்டு வெளியிட்டார்கள். செப்புத் தகட்டில் பிசின் பொடியைத் தூவிச் சூடு காட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் அரிக்கவிட்டு, பிறகு மையேற்றி அச்செடுக்கும் முறை அது. எவ்வளவு நேரம் அமிலத்தில் கிடக்கிறதோ அவ்வளவு கருமை. தகட்டு வேலை மிகுதியும் வில்லியம் தலையில்தான். சென்னைக் கோட்டைப் படம் 1797இல் வந்தது.

அதற்குப் பிறகு வில்லியம் கடலை விடவில்லை. 1813இல் கிளம்பி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து என்று பிரிட்டன் தீவின் கரையை முழுக்கச் சுற்றி, 1814 முதல் 1825 வரை எட்டுப் பாகங்களில் 308 படங்கள் வெளியிட்டார். கூட எழுத வந்த நண்பர் இரண்டு பாகத்தோடு கழன்றுகொண்டார், இவர் மட்டும் சுற்றி முடித்தார். 1822இல் ராயல் அகாதமியின் முழு உறுப்பினர் ஆனார். இன்று உலகமே கொண்டாடும் கான்ஸ்டபிளுக்கு அந்த இடம் கிடைக்க 1829 ஆனது. கொத்தனார் மகனுக்கு இது சின்ன விஷயமா?

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. 1833இல், அறுபத்து நாலு வயதில், அவர் அகாதமிக் கண்காட்சியில் வைத்த ஓவியம் மறுபடியும் சென்னைக் கடல். கோட்டைக்கு முன்னால் ஒரு சூறைக்காற்று வீசிக் கடந்து போகிறது. அந்தக் கரையை விட்டு வந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. 1837இல் இறந்துபோனார்.

அந்தக் கடல் அப்படி ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அன்றைய சென்னையில் துறைமுகமே கிடையாது. கொச்சி மாதிரி காயலுக்குள்ளே கப்பல் வந்து நிற்க வழியில்லை. கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் கரையோரம் வரிசையாக உடைகிற அலைகள். ஐரோப்பியர்களின் ஆணி அடித்த படகு அதில் வந்தால் தரையில் மோதிப் பிளந்துவிடும். கவர்னரானாலும் சிப்பாயானாலும் கரைசேர நம் ஆட்களின் படகில்தான் ஏற வேண்டும். ஆங்கிலேயர் மசூலா என்று எழுதினார்கள், புதுச்சேரிப் பக்கம் சலங்கு. முப்பது, முப்பத்தைந்து அடி நீளம், ஓர் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்தது. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். யாராவது விழுந்தால் தூக்கக் கட்டுமரங்கள் பக்கத்திலேயே வரும். கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோகிற கட்டுமரக்காரர் அதை ஓலைத் தொப்பிக்குள் வைத்து நனையாமல் சேர்ப்பாராம். 1870களில் துறைமுக வேலை தொடங்கி, 1881 புயலில் அதுவும் இடிந்து, பிறகுதான் ஒழுங்கான துறைமுகம் வந்தது. அதுவரை சென்னைக்குக் கடல்வழி வந்தவர்கள் பெரும்பாலும் இந்தத் தையல் படகில்தான் வந்து இறங்கினார்கள்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு, வீட்டில் பிரசங்கம் செய்யலாம் என்று ஞாயிற்றுக்கிழமை படத்தைக் கூடத்தில் மாட்டினேன்.

அப்பா எங்களோடு வந்து தங்கி எட்டு மாதம் ஆகிறது. தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். எங்களுக்குப் பூர்வீகம் கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் என்பது தெரியும், அதற்கு மேல் தெரியாது. ஒருமுறைகூட எங்களை அங்கே அழைத்துப் போனதில்லை. தாத்தாவைப் பற்றிக் கேட்டால் "நான் சின்னப் பையனா இருக்கறப்பவே போயிட்டாரு" என்பதோடு முடிந்துவிடும். அப்பாவுக்கு அந்தப் பிழைப்பைச் சொல்லக் கூச்சம் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன். அதனால் கல்லூரி விண்ணப்பத்தில், பெண் பார்க்கும்போது கொடுத்த குறிப்பில், எங்கெல்லாம் தாத்தாவின் தொழில் கேட்டார்களோ அங்கெல்லாம் 'வியாபாரம்' என்றே எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை.

அப்பா காபி டம்ளரோடு வந்து படத்துக்கு முன்னால் நின்றார். நான் டேனியல், லாட்டரி, செப்புத் தகடு என்று ஆரம்பித்தேன். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. விரலைக் கண்ணாடி மேலே வைத்தார்.

"பின்னாடி நிக்கறான் பாரு, அவன் தண்டல்."

"என்னப்பா?"

"தண்டல்டா. அவன் சொன்னாத்தான் துடுப்பு விழும். பெரிய அலை வர்றப்ப அடிக்கக்கூடாது. அது முதுகு மேல தூக்கி விட்டதும், அடி அடின்னு கத்துவான். எல்லாரும் ஒரே மூச்சா வலிக்கணும். ஒருத்தன் பிந்துனாலும் படகு குறுக்கால திரும்பிடும். திரும்புச்சுன்னா அவ்ளோதான்."

என் மகள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டு வந்தாள். "தாத்தா, நீங்க ஓட்டியிருக்கீங்களா?"

"நான் எங்க ஓட்டுனேன். எங்க நைனா தண்டல்."

நான் ஸ்டூலில் ஏறி நின்றபடியே இருந்தேன், கையில் சுத்தியலோடு.

அப்பா பேசினார். எட்டு மாதத்தில் பேசாததை அரை மணி நேரத்தில் பேசினார். துடுப்பு என்றால் ஒரே மரம் இல்லையாம், நீளக் கழியின் நுனியில் வட்டப் பலகையைக் கயிற்றால் கட்டியது. வருஷா வருஷம் தையலைப் பிரித்துப் புதுக் கயிற்றால் தைப்பார்களாம். பொம்பளைகள் கயிறு திரித்துக் கொடுப்பார்களாம், ஆயாவின் உள்ளங்கை சொரசொரவென்று இருக்குமாம். "ஆணி வெச்சா ஒரு நாள் தாங்கும். கயிறு வெச்சா பலகை மூச்சு விடும்" என்றார். (ஆலப்புழையில் படகுவீடு காட்டக் கூட்டிப்போன அன்று, எல்லாரும் காயலைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் குனிந்து அந்தக் கெட்டுவள்ளத்தின் பலகை இடுக்கைத் தடவிக்கொண்டிருந்தது இப்போதுதான் புரிந்தது. அதுவும் கயிற்றில் தைத்ததுதானே.)

கரைவலை வளைக்கப் படகு போகும். கடலூருக்குக் கப்பல் வந்தால் சரக்கு ஏற்றி இறக்கவும் சில சமயம் கூப்பிடுவார்கள், நாலு காசு கூட வரும். அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. ஐப்பசி மாதம். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். படகு திரும்பி வந்துகொண்டிருந்தது.

"கடைசி அலையில குறுக்கால திரும்பிடுச்சு."

மகள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். என் மனைவி அவள் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டாள்.

"மத்தவனெல்லாம் கரையேறிட்டான். தண்டல்தான் கடைசி வரைக்கும் துடுப்ப விடக்கூடாது. அன்னிக்கே எங்கம்மா என் கையில அடிச்சு சத்தியம் வாங்குனா, கடல்ல கால வைக்கக்கூடாதுன்னு. மறுவாரமே டவுன்ல மாமா வீட்டுல கொண்டாந்து விட்டுட்டா. பள்ளிக்கூடம், பரீட்சை, தபாலாபீஸ்... அப்பறம் எங்க போறது."

கூச்சமாம்! இருபது வருஷமாக நான் என்ன படித்து என்ன கிழித்தேன்.

மனைவி மெதுவாகக் கேட்டாள், "மாமா, ஊருல அவங்க போட்டோ ஏதாச்சும் இருக்குமா?"

"போட்டோ ஏதும்மா அந்தக் காலத்துல."

அப்பா மறுபடி படத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். 1797இல் அச்சான படம். தலைப்பில் கோட்டையின் பெயர் இருக்கிறது. கோட்டை தூரத்தில் சின்னதாக, அசையாமல் கிடக்கிறது. படத்தில் உயிரோடு இருப்பது முன்னால் உள்ள தண்ணீரும் அந்தப் படகும்தான். ஆனால் துடுப்புப் போடுகிறவர்கள் யார், பின்னால் நிற்பவர் யார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. வில்லியம் டேனியலுக்கு அவர்கள் பெயர் தேவைப்படவில்லை. இருந்தாலும் அந்த ஆள் நிற்கிற நிலையைச் சரியாக வரைந்திருக்கிறார் என்பது அப்பாவின் தீர்ப்பு. "இவன் பாத்துட்டுத்தான் போட்டிருக்கான். கால அகட்டி, இடது தோள முன்னால குடுத்து... அப்படித்தான் நிப்பாரு."

சாயங்காலம் வந்து பார்த்தால் படம் ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது. சோபாவில் உட்கார்ந்தால் நேராகக் கண்ணில் படுகிற உயரம். சுவரில் பழைய ஆணி அடித்த ஓட்டை அப்படியே தெரிகிறது. வீட்டுக்காரர் பார்த்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்.

பொங்கலுக்கு ஐந்து டிக்கெட் போட்டிருக்கிறேன். திருச்சி வரை ரயில், அங்கிருந்து பஸ். குப்பத்தில் அப்பாவின் பெரியம்மா மகன் ஒருவர் இன்னும் இருக்கிறாராம். எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசியாயிற்று. "அண்ணன வரச் சொல்லு, ஆனா பழைய படகெல்லாம் இப்ப ஒண்ணும் இல்ல, எல்லாம் ஃபைபர்தான்" என்றார். அதை அப்பாவிடம் சொன்னேன்.

"படகு இல்லாட்டி என்ன. கரை இருக்கும்ல" என்றார்.