பூட்டத் தெரிந்தால் போதாது

பிள்ளைகளே, கணினிகளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். லேப்டாப்பைக் குறியாக்கம் செய்து பூட்ட உங்களுக்கு எங்களைவிட நன்றாகவே தெரியும். ஆனால் பூட்டுவது பாதி வேலைதான். நாளைக்கு மெஷின் கிளம்பாமல் போனால் சாவிக்கு எங்கே போவீர்கள்? இதைப் பூட்டும் அன்றைக்கே யோசித்துவிட வேண்டும்.

வேல்ஸில் நியூபோர்ட் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹோவெல்ஸின் ஹார்ட் டிஸ்க் 2013-இல் குப்பைக் கிடங்குக்குப் போய்விட்டது. சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி அதில் இருந்தது. கிடங்கைத் தோண்டவிடக் கோரி அவர் தொடுத்த வழக்கும் 2025 ஜனவரியில் தள்ளுபடியானது. எந்தத் திருடனும் வரவில்லை. வேறு நகல் இல்லை, அவ்வளவுதான்.

விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் தரும் மீட்புச் சாவியைக் கவனித்துப் பாருங்கள். மொத்தம் 48 இலக்கம். ஆறாறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும். 345565 என்பதை 345566 என்று எழுதிவிட்டால் வகுபடாது. பிழை அங்கேயே பிடிபடும். கையால் எழுதுகிறவர் தவறுவார் என்று முன்கூட்டியே நினைத்துச் செய்த ஏற்பாடு இது.

அதனால் பேனா எடுத்துக் காகிதத்தில் எழுதுங்கள். திரையோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், அது உங்களுக்குத் தெரியாமலே கிளவுடுக்குப் போய்விடலாம். அந்தக் காகிதத்தை லேப்டாப் பையிலேயே வைக்கவும் கூடாது.

அலுவலகச் சாவியென்றால் ஒருவர் கையில் விடாதீர்கள். ஆதி ஷமீர் என்ற கணினி அறிஞர் 1979-இலேயே இதற்கு வழி சொல்லிவிட்டார். சாவியை ஐந்து பங்காக்கலாம். எந்த மூன்று பங்கு சேர்ந்தாலும் முழுச் சாவி கிடைக்கும். இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு இம்மியும் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் நோயில் விழுந்தாலும் வேலை நிற்காது. ஒருவர் மனம் மாறினாலும் மோசம் போகாது. நம்பிக்கை இல்லாமல் பிரிக்கிறார்கள் என்று யாரும் வருந்த வேண்டாம். முழுச் சுமையையும் ஒரே மனிதர் தலையில் ஏற்றுவதுதான் அநியாயம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுத்துவிட்டு, எழுதி வைத்த சாவியால் உண்மையிலேயே திறந்து பாருங்கள். வீட்டில் நம்பகமான ஒருவரிடம் காகிதம் இருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள். போனில் யார் கேட்டாலும், எந்தக் கம்பெனி பெயரைச் சொன்னாலும், சாவியைச் சொல்லாதீர்கள். ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத மீட்புச் சாவியை நம்பாதீர்கள்.