வண்டி எங்கே நிற்கிறது?

டீசல் எஞ்சினுக்குள் தீப்பொறி என்ற ஒன்றே கிடையாது என்பது, பெட்ரோல் வண்டி மட்டுமே ஓட்டிப் பழகியவர்களுக்குச் சற்று வியப்பாக இருக்கும். காற்றை மட்டும் இழுத்து, அதை இருபது மடங்குக்கும் மேலாகச் சுருக்கினால் ஐந்நூறு டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடேறிவிடுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய எஞ்சினிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான். ஆகவே பழைய டீசல் கார் ஒன்று காலையில் கிளம்ப மறுத்தால், கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே இரண்டு. சூடு போதுமான அளவு உண்டாகிறதா? டீசல் வந்து சேர்கிறதா?

கேள்விகள் எளியவை. விடை காண எங்களுக்கு ஒரு மார்கழி முழுவதும் ஆயிற்று.

எங்கள் துறையில் நால்வர் கூட்டாக வைத்திருக்கும் அம்பாசடர் 1996ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1489 சிசி டீசல் எஞ்சின். உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுபோயிற்று. இந்தக் காலத்தில் இதையா கட்டி மேய்க்கிறீர்கள் என்று மாணவர்கள் கேலி செய்வதுண்டு. காரணம் உண்டு. எங்களில் மூத்தவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு மதுரையில் டயாலிசிஸ். ஒன்றரை மணி நேரப் பயணம். திரும்பும்போது அவரால் உட்கார முடியாது. அம்பாசடரின் பின்னிருக்கையில் சாய்ந்து படுத்து வரலாம். வண்டி அவர் வீட்டில்தான் நிற்கும். நாங்கள் மூவரும் முறைவைத்து ஓட்டுகிறோம்.

சென்ற மார்கழியில் அந்த வண்டி விடியற்காலையில் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் போராடிவிட்டு வாடகைக் கார் பிடித்துப் போனோம். தாமதமாகச் சேர்ந்ததால் நான்கு மணி நேரச் சுத்திகரிப்பு மூன்று மணி நேரமாயிற்று. வெளியேறாமல் தங்கிவிட்ட நீர் அன்றிரவு அவருக்கு மூச்சு முட்டலாக வந்து நின்றது.

அறிவுரைக்குப் பஞ்சமில்லை. பெட்ரோலில் நனைத்த துணியைக் காற்று போகும் வாயில் பிடித்தால் ஒரே அடியில் கிளம்பிவிடும் என்றார் ஒருவர். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும் எஞ்சினில் அப்படிச் செய்தால், நேரமல்லாத நேரத்தில் வெடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடக்கூடும். ஒரு பணிமனையில், மீட்டர் எதுவும் வைத்துப் பாராமலேயே, “கம்ப்ரஷன் போயிருச்சு, எஞ்சின இறக்கணும்” என்று நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். விற்றுவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. வாரம் இரண்டு வாடகைக் கார் என்றால் மாதம் எவ்வளவு என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

பேருந்துப் பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவரை யாரோ சொல்லி அழைத்துவந்தோம். வந்தவர் பானெட்டைத் திறக்கவில்லை. “செல்ஃப் அடிங்க சார்” என்று சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நம் ஊரில் செல்ஃப் என்றே பெயர். அது மெதுவாக முனகிச் சுற்றினால், சுருக்கப்படும் காற்று சூடாவதற்குள் சுவர்களுக்குச் சூட்டைக் கொடுத்துவிடும். வளையங்களின் இடுக்கிலும் கொஞ்சம் தப்பிவிடும். முதலில் பார்க்க வேண்டியவை பாட்டரியும், அதன் முனைகளில் பூக்கும் உப்பும், எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையும். நிறைந்த பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுற்றும்போது அது 9.6க்குக் கீழே சரியக்கூடாது. எங்கள் வண்டியில் சரியவில்லை.

பிறகு பின்னால் போய்ப் புகைக்குழாயருகே குந்திக்கொண்டார். செல்ஃப் சுற்றும்போது கண்ணைக் கரிக்கும் வெண்புகை வந்தால் டீசல் வந்து சேர்கிறது, பற்றவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசலே வரவில்லை. அன்று வெண்புகை வந்தது. பழைய எஞ்சின்களில் எரிதல் ஒரு சிறு முன்னறையில் தொடங்குகிறது; குளிர்ந்த அறைச்சுவர் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால்தான் பனி பெய்யாத நம் பக்கத்திலும் மார்கழியில் ஹீட்டர் பிளக் தேவைப்படுகிறது. நான்கு பிளக்குகளையும் இணைக்கும் தகட்டைக் கழற்றி, பாட்டரியிலிருந்து ஒரு பல்பு வழியாக ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். மூன்றில் பல்பு எரிந்தது, ஒன்றில் எரியவில்லை. இவ்விடத்தில் தமிழாசிரியர்கள் ஒரு குறளை எடுத்துவிடுவது வழக்கம். வாசகர்களுக்கே தெரியுமாதலால் விட்டுவிடுகிறோம்.

அந்த பிளக்கை மாற்றினோம். வெண்புகை நின்றது. ஆனால் வெள்ளிக்கிழமை விடியலில் வண்டி உடனே கிளம்பி, பத்து விநாடி ஓடி, அணைந்துபோயிற்று. அதன்பின் எவ்வளவு சுற்றினாலும் புகைகூட இல்லை. ஃபீட் பம்ப்பைக் கையால் நெடுநேரம் அடித்த பிறகே உயிர் வந்தது.

கேட்டதும் பெரியவர், “ஏர் புடிக்குது” என்றார். உடம்பில் வாயு பிடிப்பதற்கும் வண்டியில் ஏர் பிடிப்பதற்கும் நம் மக்கள் ஒரே வினைச்சொல்லை வைத்திருப்பது எங்களுக்குப் பிடித்திருந்தது. அடுத்து அவர் கேட்டதுதான் நாங்கள் எதிர்பாராத கேள்வி.

“வண்டிய எங்க சார் நிப்பாட்டுறீங்க?”

விடை மூத்தவரின் நோட்டில் இருந்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் அன்றாடம் குடித்த நீரையும் உடல் எடையையும் குறித்து வைப்பார்கள். அதே நோட்டின் ஓரத்தில், வண்டி எங்கே நின்றது, எத்தனையாவது முறையில் கிளம்பியது என்பதையும் அவர் எழுதி வந்திருந்தார். அவர் வீட்டுப் போர்டிகோவில் நின்ற காலைகளில் எல்லாம் தகராறு. கல்லூரித் திடலிலும், இரண்டு இரவுகள் எங்களில் ஒருவரது தெருவிலும் நின்றபோது தகராறே இல்லை. தெருவில் நின்ற இரவுகளும் மார்கழிக் குளிர் இரவுகளே. கம்ப்ரஷன் போன எஞ்சினுக்குத் தெருவைப் பார்த்து நடந்துகொள்ளத் தெரியாது.

மழைநீர் வடிவதற்காக அந்தப் போர்டிகோவின் தரை வீட்டுப் பக்கம் உயர்ந்து, தெருப் பக்கம் சரிந்திருக்கும். முகம் வீட்டைப் பார்க்க நிறுத்தினால் எஞ்சின் மேட்டில், பின்னால் இருக்கும் டீசல் டாங்க் பள்ளத்தில். வழியில் எங்காவது நூலளவு கசிவு இருந்தால் போதும், காற்று உள்ளே புகுந்து, குழாயில் நிற்கும் டீசல் இரவோடு இரவாக டாங்க்குக்கே திரும்பிவிடும். ஃபில்டரில் மிச்சமிருப்பது எஞ்சினைச் சில விநாடி ஓட்டும், பின்னால் வருவது காற்று. ஓடும்போது அந்தக் குழாயில் உறிஞ்சுதல் மட்டுமே இருப்பதால் டீசல் வெளியே சொட்டாது. எத்தனை பேர் குனிந்து பார்த்தாலும் ஈரம் தெரியாததற்குக் காரணம் அதுதான்.

“இன்னிக்கு ராத்திரி திருப்பி நிப்பாட்டுங்க.” காசில்லாத சோதனை. பின்பக்கம் வீட்டை நோக்க நிறுத்தினோம். டாங்க்கையும் நிறைத்து வைக்கச் சொன்னார். மறுநாள் காலை முதல் அடியிலேயே கிளம்பியது. அதைவிட முக்கியமானது, ஃபீட் பம்ப்புக்குள் நுழையும் ரப்பர் ஹோஸின் அடியில் விரலில் ஒட்டும் அளவுக்கு டீசல் ஈரம். கிளிப்புக்கு அடியில், வருடக்கணக்கான சூட்டில் இறுகிப்போன ரப்பரில் ஒரு வெடிப்பு. கிளிப்பைத் தளர்த்தி நகர்த்தினால் ஒழியக் கண்ணுக்குப் படாது.

ஹோஸும் இரண்டு கிளிப்பும் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பெரியவருக்குக் கொடுத்த பணத்தில் பாதியை, “இதுக்கு இவ்வளவு இல்ல சார்” என்று திருப்பித் தந்துவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்கே மதுரை சேர்ந்து, மருத்துவமனை வாசலில் தேநீருக்கு நேரமிருந்தது. மூத்தவர் குடிக்கவில்லை, அன்றைய நீர்க்கணக்கில் அதற்கு இடமில்லை என்றார். வண்டியை இன்னும் தெருவைப் பார்த்தே நிறுத்துகிறோம். டாங்க் பக்கத்து ஹோஸும் அதே வயதுடையது, அதையும் தை முடிவதற்குள் மாற்றிவிடுங்கள் என்று பெரியவர் சொல்லிப் போயிருக்கிறார்.