வந்தவாசிப் போர்க்களம்

வந்தவாசி என்ற பெயரைக் கேட்டதும் நேயர்களுக்கு நினைவு வருவது பாயாகத்தான் இருக்கும். கோரைப் பாய்க்குப் பெயர் பெற்ற ஊர் அல்லவா? ஆனால் சரித்திர ஆசிரியர்களுக்கு வந்தவாசி என்றால் பாய் அல்ல, பீரங்கி! பள்ளிக்கூடத்தில், "வந்தவாசி யுத்தம், 1760" என்று ஒரே வரியில் நெட்டுருப் போட்டு, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிட்டவர்களின் கூட்டத்தில் நாமும் சேர்ந்தவர்தாம். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருந்தது என்ன என்பதை அந்த மண்ணிலேயே நின்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நமக்கு வெகு நாளாக உண்டு. தை மாதத்தில் ஒரு நாள் அது கைகூடிற்று. யுத்தம் நடந்ததும் தை மாதத்தில்தான்.

சென்னையிலிருந்து செங்கற்பட்டு, உத்தரமேரூர் வழியாகப் பிரயாணம் செய்தோம். காரணமில்லாமல் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1760-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கும்பினித் தளபதி அயர் கூட் துரை தம்முடைய சைனியத்துடன் வந்தவாசியை நோக்கிப் போனபோது, உத்தரமேரூரில் கூடாரம் அடித்துக் காத்திருந்தார்.

உத்தரமேரூரில் இறங்கி, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட சாசனங்கள் அங்கே இருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை மூலம் ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறையை அவை விவரிக்கின்றன. நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். இவை எல்லாம் சரி. நம்மை நிறுத்தி வைத்தது வேறொரு நிபந்தனை. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரைக் குடத்தில் இடலாகாது; அவனுடைய உறவினர் பெயரையும் இடலாகாது!

கணக்குக் கேட்கத் தெரிந்திருந்த அந்த ஊரில், எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஓர் அந்நியச் சைனியம் யாரையும் கேட்காமல் வந்து தங்கிற்று. அந்தச் சைனியம் வந்த காரணத்தை அறிய நாம் கடல் கடந்து பார்க்க வேண்டும்.

1756-இல் ஐரோப்பாவில் ஒரு பெரும் போர் மூண்டது. ஒரு பக்கம் பிரிட்டனும் பிரஷ்யாவும். மறுபக்கம் பிரான்ஸ், ஆஸ்திரியா, ருஷ்யா. ஏழு ஆண்டு நடந்ததால் அதற்கு ஏழாண்டுப் போர் என்று பெயர். அது ஐரோப்பாவுடன் நிற்கவில்லை. பிரிட்டனும் பிரான்ஸும் வட அமெரிக்காவில் சண்டையிட்டன. மேற்கிந்தியத் தீவுகளில் சண்டையிட்டன. ஆப்பிரிக்கக் கரையில் சண்டையிட்டன. கர்நாடகம் என்று அப்போது வழங்கிய நமது தமிழ்ச் சீமையிலும் சண்டையிட்டன. 1759 செப்டம்பரில் கனடாவின் கியூபெக் நகரம் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போயிற்று. நான்கு மாதம் கழித்து வந்தவாசி. சதுரங்கப் பலகை ஒன்றுதான். காய்கள் மட்டும் வேறு வேறு கண்டங்களில் நகர்ந்தன.

இந்தப் பக்கத்துக் காயை நகர்த்த பிரெஞ்சு மன்னர் அனுப்பிய தளபதியின் பெயர் லாலி. இவருடைய தகப்பனார் அயர்லாந்துக்காரர். ஆகையால் ஆங்கிலேயர் மீதுள்ள துவேஷம் அவருக்குப் பிதுரார்ஜிதம். 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்து இறங்கியவர், ஜூன் மாதத்திற்குள் கடலூர்ப் பக்கத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துவிட்டார். வீரத்திற்குக் குறைவில்லை. ஆனால் கஜானாவில் பணம் இல்லை. வண்டி இழுக்க மாடு இல்லை. அதற்கு அவர் கண்ட உபாயம், புதுச்சேரிவாசிகளை ஜாதி வித்தியாசமின்றிப் பிடித்து மூட்டை சுமக்கவும் வண்டி இழுக்கவும் வைத்ததுதான்.

பிறகு பணத்துக்காகத் தஞ்சாவூரின் மீது படையெடுத்தார். போகிற வழியில் கீவளூர்க் கோயிலில் புதையல் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. அங்கிருந்த அர்ச்சகர்கள் சிலரை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டுவிட்டார். தஞ்சையும் வசமாகவில்லை. ஆகஸ்டு மாதத்தில் வெறுங்கையுடன் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் முற்றுகையைக் கைவிட்டார். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பிரெஞ்சுக் கப்பற்படை மொரீஷியஸுக்குப் புறப்பட்டுப் போய்விட்டது; திரும்பவே இல்லை. சம்பளப் பாக்கிக்காக அவருடைய ஐரோப்பியச் சிப்பாய்களே கலகம் செய்தார்கள். ஆங்கிலேயருக்கோ, பிளாசிக்குப் பிறகு வங்காளத்தின் செல்வம் பின்பலமாக இருந்தது. கடலும் அவர்கள் கையில் இருந்தது. யுத்தத்தின் முடிவு முக்கால் பங்கு இங்கேயே தீர்மானமாகிவிட்டது எனலாம்.

எஞ்சிய கால் பங்கைக் காண வந்தவாசியில் இறங்கினோம்.

கோட்டை ஊருக்குள்ளேயே இருக்கிறது. இடிந்த மதில்கள், முட்புதர், அகழி இருந்ததற்கு அடையாளமான பள்ளம். மதிலின் நிழலில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாய் நெய்து பழகிய கைகள் என்று பிறகு தெரிந்தது.

"வெயில்லே எங்கேங்க ஐயா கிளம்பிட்டீங்க?" என்றார்.

"யுத்தம் நடந்த இடத்தைப் பார்க்க வந்தோம், பெரியவரே!"

"வெள்ளைக்காரங்க சண்டையா? எங்க தாத்தா சொல்லியிருக்காரு. இங்கிலீஷ்காரன்தானே ஜெயிச்சான்?"

"ஆமாம்."

"நம்ம ஆளுங்க எந்தக் கட்சியிலே இருந்தாங்க?"

"இரண்டு கட்சியிலும் இருந்தார்கள்."

பெரியவர் சற்று யோசித்தார். "அப்போ, நம்ம ஆளுங்க ஜெயிச்சாங்களா, தோத்தாங்களா?"

நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறோம்" என்று சமாளித்துவிட்டு நடந்தோம்.

மேலே என்று நாம் சொன்னது, ஊருக்கு வெளியே வெண்குன்றத்தில் இருக்கும் தவளகிரியை. மூச்சு வாங்க ஏறி, காற்று வாங்கிக்கொண்டு கீழே பார்த்தோம். வயல்களும் ஏரிகளும் பனைகளும் கண்ணுக்கெட்டிய வரையில் பரந்து கிடந்தன. இந்தச் சமவெளியில்தான் 1760 ஜனவரி 22-ஆம் தேதி காலையில் இரண்டு சாம்ராஜ்யங்கள் மோதிக்கொண்டன.

கோட்டை அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தது. லாலி அதை முற்றுகையிட்டிருந்தார். அதற்கு முன்பே காஞ்சிபுரத்தில் புகுந்து கொள்ளையிட்டு, ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அனுபவசாலியான புஸ்ஸி முற்றுகையை விட்டுவிடுமாறு சொல்லியும் அவர் கேட்கவில்லை. கூட் துரை மலையடிவாரத்தை ஒட்டி நகர்ந்து வந்து அணிவகுத்து நின்றார். ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 2,000 ஐரோப்பியர்.

லாலியின் ஐரோப்பியக் குதிரைப்படை முதலில் தயங்கிற்று, பிறகு நகர்ந்தது, ஆங்கிலப் பீரங்கிகள் முழங்கியதும் திரும்பிவிட்டது. பிறகு லொரேன் ரெஜிமெண்டைத் திரட்டி ஈட்டிபோல் முன்னே செலுத்தினார் லாலி. கூட் துரையின் ஆட்கள் அவர்களை மிக அருகில் வரவிட்டுச் சுட்டார்கள். பிறகு துப்பாக்கிச் சனியன்களால் கைகலந்தார்கள். அந்தச் சமயத்தில் பிரெஞ்சுக்காரரின் இடப்பக்கத்து ஏரிக்கரையில் இருந்த மருந்து வண்டி ஒன்றின்மேல் ஆங்கிலக் குண்டு விழுந்தது. ஒரே வெடிச் சத்தம், ஒரே புகை. அங்கே காவல் இருந்தவர்கள் பலர் மாண்டார்கள், மற்றவர்கள் ஓடினார்கள். இடைவெளியை அடைக்க விரைந்த புஸ்ஸியின் குதிரை சுடப்பட்டு வீழ்ந்தது, அவர் கைதியானார். பிற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. லாலி மிச்சப் படையுடன் சேத்துப்பட்டுப் பக்கம் பின்வாங்கினார். இரு தரப்பிலும் இறந்த ஐரோப்பியர் சில நூறு பேரே. அரை நாள் சண்டையில் ஒரு தேசத்தின் தலையெழுத்து எழுதப்பட்டுவிட்டது!

அந்த அரை நாளில் நம்மவர்கள் என்ன செய்தார்கள்? லாலி கூலிக்கு அமர்த்தியிருந்த மராத்தியக் குதிரைப்படை தூரத்தில் நின்றது. அவருடைய சிப்பாய்கள் முன்னேற மறுத்தார்கள். கும்பினிச் சிப்பாய்களுக்கும் அன்று அதிக வேலை இல்லை. சண்டை முடிந்ததும், கும்பினிச் சிப்பாய்த் தலைவர் இருவர் கூட் துரையிடம் வந்து வாழ்த்துக் கூறி, இப்படிப்பட்ட சண்டையைத் தாங்கள் கண்டதே இல்லை என்றும், அதைக் காணச் செய்ததற்கு வந்தனம் என்றும் சொன்னார்களாம்.

வந்தனம்! தங்கள் வீட்டை இருவர் ஏலத்தில் எடுக்கப் போட்டியிடும்போது, திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, ஏலம் நன்றாக நடந்தது என்று வீட்டுக்காரர் நன்றி சொன்ன கதைதான். ஆனால் அவர்களை நாம் ஏளனம் செய்வதற்கில்லை. இது தங்கள் வீடு என்று அவர்களுக்குச் சொல்ல அன்று யார் இருந்தார்கள்?

வேடிக்கை பார்க்கும் பாக்கியம்கூட எல்லோருக்கும் கிடைக்கவில்லை. வந்தவாசிக்குப் பிறகு ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். உள்ளே தானியம் குறைந்தது. நவம்பர் மாதத்தில், ஊரிலிருந்த நமது ஜனங்கள் சுமார் 1,400 பேரை, ஆண் பெண் குழந்தை என்று பாராமல், லாலி வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் அவர்களைத் தங்கள் வரிசையைக் கடந்து போக விடவில்லை. திரும்பி வந்தால் கோட்டைக்குள் விடவில்லை. இரண்டு சாம்ராஜ்யங்களுக்கும் நடுவில், எட்டு நாள், புல்லின் வேரைத் தின்று அந்த ஜனங்கள் தவித்தார்கள். கடைசியில்தான் கூட் துரை மனமிரங்கி வழிவிட்டார். இந்த எட்டு நாட்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாம் ஒரு வரிகூடப் படித்ததில்லை.

1761 ஜனவரி 16-இல் புதுச்சேரி சரணடைந்தது. 1736 முதல் அந்நகரத்து நடப்பைத் தமிழில் தினப்படி எழுதி வைத்த துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை, அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் கண்ணை மூடினார். கோட்டையையும் மாளிகைகளையும் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். லாலியைப் பிரான்ஸ் தேசமே துரோகி என்று விசாரித்து, 1766 மே 9-இல் பாரிஸில் சிரச்சேதம் செய்தது. வால்டேர் முதலானோர் வாதாடியதன் பயனாக 1778-இல் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. போன தலை திரும்பவில்லை. 1763 சமாதான உடன்படிக்கையின்படி புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர் திரும்பப் பெற்று, மறுபடி கட்டிக்கொண்டார்கள்.

இனி, செலவுக் கணக்கு. கும்பினி யுத்தம் செய்தது நவாப் முகம்மது அலியின் பெயரால். ஆகவே செலவும் அவர் தலையில் விழுந்தது. 1763-இல் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். போதவில்லை. கும்பினி உத்தியோகஸ்தர்களிடமே கடும் வட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாக ஜில்லா ஜில்லாவாக நில வரியை எழுதிக் கொடுத்தார். வரியைக் கட்டினவன் ஏர் பிடித்த குடியானவன். 1785-இல் பர்க் இந்தக் கடன் ஊழலைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எடுத்துப் பேசினார். ஆயினும் 1801-இல் கர்நாடக ராஜ்யம் முழுவதும் கும்பினி வசமாயிற்று. வாங்கினவர் வேறு, கட்டினவர் வேறு. பணம் மட்டுமா? 1762-இல், இதே யுத்தத்தில், ஸ்பெயினுக்குச் சொந்தமான மணிலாவைப் பிடிக்கச் சென்னையிலிருந்து கப்பலேறிய படையில் நமது சிப்பாய்கள் சில நூறு பேர் இருந்தார்கள். அவர்களுள் ஊர் திரும்பாதவர்களும் உண்டு. மணிலாவுக்கு அருகிலுள்ள கைந்தா என்ற ஊரில் அவர்கள் வழிவந்தவர்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் மலையிலிருந்து இறங்கினோம். பெரியவர் இன்னும் கோட்டை மதிலடியில்தான் இருந்தார். நாம் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். ஆங்கிலேயர் 1947-இலும் பிரெஞ்சுக்காரர் 1954-இலும் போய்விட்டார்கள் என்று முடித்தோம்.

"போயிட்டாங்க, சரி. கணக்கு ஏதாச்சும் கொடுத்துட்டுப் போனாங்களா?" என்றார் பெரியவர்.

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி அவரிடம் நாம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அவர் வீட்டிலிருந்தே ஒரு பாய் வாங்கிக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்தோம்.