முப்பது நாள் கரண்டு

பெரியம்மாவுக்கு 68 வயசு. மூளையில் கிளியோபிளாஸ்டோமா, வேகமாக வளரும் கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு முப்பது நாள் கரண்டு வைக்கணும் என்றார்கள். சனி, ஞாயிறு போக ஆறு வாரம். கூடப் போகிறவருக்குக் கூலி போச்சு. "போதும்யா, புள்ளைங்க சோறும் போவுது" என்று பன்னிரண்டாம் நாளே நிறுத்திக்கொண்டார். சீட்டில் 'நோயாளி வரவில்லை' என்று எழுதினார்கள்.

அறுபது தாண்டியவர்களுக்கு 30 தவணையில் 60 கிரே கொடுத்தாலும், 15 தவணையில் 40 கிரே கொடுத்தாலும் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2004லேயே ஒரு கனடா ஆய்வு காட்டியது. 2017இல் வெளியான ஆய்வில், அந்த 15 தவணையோடு டெமோசோலமைடு மாத்திரையும் சேர்த்தபோது பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் 7.6 மாதத்திலிருந்து 9.3 மாதமானது. எங்களிடம் யார் சொன்னார்கள்?

புது மெஷின் வரட்டும். சேரிச் சனத்துக்கு மிச்சமாகும் மூன்று வாரக் கூலியும் மருத்துவ முன்னேற்றம்தான். எத்தனை நாள் என்று எழுதுமுன் எங்களையும் கேளுங்கள்.