முன் பிறேக்கின் நடுக்கம்

இலண்டன் மாநகரில் இரவு வேளைகளில் மோட்டார் சைக்கிளில் உணவுப் பொதி சுமந்து திரியும் எம்மவர் பிள்ளைகள் பலர். எமது மருமகனும் அவர்களுள் ஒருவன். வதிவிட உரிமை கிடைத்த மறுமாதமே கடன்பட்டு, பல கை மாறிய ஹொண்டா 600 சீசீ ஒன்றை வாங்கினான். வன்னியிலிருக்கும் தாயாருக்கு மாதந்தோறும் போகும் பணம் அந்த இரு சில்லுகளின் மேல்தான் ஓடுகின்றது.

கடந்த மார்கழியில் எம்மிடம் வந்து, "மாமா, முன் பிறேக்கைத் தொடவே பயமாக் கிடக்கு" என்றான். வேகத்தில் வந்து பிறேக்கை மெல்ல அழுத்தினால் ஹாண்டில் கைக்குள் நின்று உதறுகின்றது. கைபிடி விரல்களைத் திருப்பித் தள்ளுகின்றது. வேகம் குறையக் குறைய உதறலின் தாளமும் தளர்ந்து, நிற்கும் தறுவாயில் விட்டுவிட்டுப் பிடிக்கின்றது. ஆதலால் சில கிழமைகளாகப் பின் பிறேக்கை மாத்திரம் மிதித்தே வேலைக்குப் போய் வந்திருக்கின்றான். எம்மைத் திடுக்கிடச் செய்தது இதுவே. பிறேக் பிடிக்கும் வேளையில் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வலுவின் பெரும்பங்கு முன் சில்லையே சார்ந்திருக்கின்றது. மழை நனைத்த வீதியில் பின் பிறேக்கை மட்டும் நம்புபவன் இறுகிய சில்லோடு வழுக்கிப் போவான்.

ஒரு கராஜில் இருமுறை பாட்களை மாற்றிப் பணமும் வாங்கியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் சில நாள் சுகம். பின்னர் பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான்.

ஊரில் எம்டி 90 ஓடிய தலைமுறையினர் நாம். பொருளாதாரத் தடைக்காலத்தில் அதனை மண்ணெண்ணெயில் ஓட வைத்த கெட்டித்தனம் எமக்குண்டு. ஆனால் அதிலிருந்தது டிரம் பிறேக். 1969 இல் ஹொண்டா சீபீ 750 டிஸ்க் பிறேக்கோடு சந்தைக்கு வந்துவிட்ட போதிலும், எமது கைகள் அதனைப் பழகியது இந்நாட்டில்தான்.

"டிஸ்க் வளைந்து போச்சு" என்பது யாவரும் இலகுவிற் சொல்லும் தீர்ப்பு. டிஸ்க் ஆடுவதும் உண்டு; ஆனால் அதன் தடிப்பு வட்டம் முழுவதும் ஒரே சீராக இல்லாமற் போவதும், சூட்டில் பாட்டின் பொருள் திட்டுத்திட்டாக அதன்மேற் படிவதும் அதே உதறலைத் தரும். நூறில் சில பங்கு மில்லிமீற்றர் வேறுபாடே விரலுக்குத் தெரிந்துவிடும். எனவே முதலில் கழுத்துப் பேரிங், சில்லுப் பேரிங், ரயர் ஆகியவற்றைச் சோதித்தோம். அவற்றிற் குறையில்லை. பின்னர் லேத் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் டயல் கேஜ் இரவல் வாங்கி, சில்லை மெதுவாகச் சுழற்றிப் பார்த்தோம். இடப்பக்க டிஸ்க்கில் ஆட்டம் 0.1 மில்லிமீற்றர், வலப்பக்கத்தில் 0.45. பல கையேடுகள் விதிக்கும் எல்லை 0.3. டிஸ்க்கிலே பொறிக்கப்பட்டிருக்கும் ஆகக்குறைந்த தடிப்பை இரண்டுமே தாண்டி நின்றன. தேய்மானத்தை மாத்திரம் பார்ப்பவர் இவற்றை நல்லதென்றே சொல்லியிருப்பார்.

வலப்பக்கம் மட்டும் ஏன் கெட்டது? கலிப்பரைக் கழற்றியபோது விடை கிடைத்தது. அது நகர்ந்து கொடுக்க வேண்டிய ஊசிகள் கிறீஸ் வற்றித் துருப்பிடித்து இறுகியிருந்தன. பிறேக்கை விட்ட பின்னும் பாட் உரசிக்கொண்டேயிருந்து டிஸ்க்கைச் சுட்டிருக்கின்றது. புதுப் பாட்கள் எத்தனை போட்டாலும் இதற்கு மருந்தாகா.

மருமகன் ஒரு டிஸ்க் போதுமென்றான். பழைய இரும்புக் கடையில் மலிவாக எடுக்கலாமென்றும் சொன்னான். நாம் இணங்கவில்லை. இரண்டு டிஸ்க்கும் பாட்களும் புதிதாகவே வாங்கப்பட்டன. அம்மாதம் ஊருக்குப் போன பணம் பாதியாயிற்று.

பழைய போல்ட்களைப் பசை போட்டு முறுக்கியிருந்தார்கள். வெப்பக் காற்றால் இளக்காமல் திருகியிருந்தால் தலைகள் மழுங்கியிருக்கும். அடுத்து, டிஸ்க் அமரும் முகத்தைத் துருவும் பழைய பசையும் போகத் தேய்த்துத் துடைப்பதற்கே ஒரு மணித்தியாலம் சென்றது. அங்கே மணலளவு அழுக்கு நின்றாலும் விளிம்பில் அது ஆட்டமாகப் பெருகும். பொறுமையில்லாதவர்கள் புது டிஸ்க்கிலும் பழைய நடுக்கத்தை வாங்கிக்கொள்வது இவ்விடத்திலேதான். புது டிஸ்க்கில் பூசியிருந்த எண்ணெயைக் கழுவி, புதிய போல்ட்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, கையேட்டின் அளவுக்கு முறுக்கினோம். டயல் கேஜை மீண்டும் வைத்தபோது இருபுறமும் 0.1 இற்குக் குறைவாகவே காட்டியது. ஊசிகளைத் துலக்கி உரிய கிறீஸ் இட்டோம். புறப்படுமுன் கைபிடியைப் பலமுறை அழுத்தி இறுக்கம் வரச் செய்தோம். இதனை மறந்து வீதிக்கு இறங்கினால் முதற் பிடியில் பிறேக்கே இராது.

முதல் நூறு மைலுக்குத் திடீரென அழுத்திப் பிடிக்க வேண்டாமென்று சொல்லி அனுப்பினோம். நள்ளிரவு தாண்டி அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. இரண்டு விரலாற் பிடிக்கவே நிற்கின்றதாம்.

மறுகிழமை அவனுடைய கூட்டாளி ஒருவன் அதே உதறலோடு எமது வாசலில் வந்து நின்றான். கலிப்பர் ஊசிகளையே முதலிற் கழற்றிப் பார்த்தோம்.