எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு?

ஜோகூரில் வேலை தேடும் நம் பிள்ளைகள், நேர்காணலில் வரும் இந்தக் கேள்விக்கு விண்ணப்பிக்கும் முன்பே கணக்குப் போட வேண்டும். இங்கே 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காட்டை ஊழியர் சேமநிதியில் தனியாகக் கட்டுகிறார். சொக்சோ பாதுகாப்பும் உண்டு. சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கும் மலேசியருக்கு மத்திய சேமநிதி கிடையாது. முதுமைக்கான சேமிப்பை அந்தச் சம்பளத்திலிருந்து நாமே ஒதுக்க வேண்டும். தினமும் ஜோகூர்-சிங்கப்பூர் பாலத்தில் கழியும் நேரமும் கணக்கில் சேரும்.

"ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறதே, இதில் என்ன கணக்கு?" என்பார்கள். நியாயம்தான். எல்லாம் கழித்தாலும் பலருக்கு அக்கரை வேலையே மிஞ்சும். அவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் 2025 ஜனவரியில் ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. திறன் வேலைகளை இக்கரைக்குக் கொண்டுவருவதும் அதன் நோக்கம். அந்த வேலைகளுக்குப் போகிறவர், 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்திலிருந்து பேச்சைத் தொடங்கவே கூடாது. அக்கரையில் அதே வேலைக்கு என்ன தருகிறார்கள், தன் சான்றிதழும் அனுபவமும் எதற்கு ஈடு என்று பார்த்து, ஒரு தொகையைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். கூடுதல் நேரச் சம்பளம், தகுதிகாண் காலம் பற்றியும் நேர்காணலிலேயே கேளுங்கள்; ஒப்புக்கொண்டதை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.