மலையை மறைத்த ஐந்து ரூபாய்

ரொம்ப நாளாக எதுவும் எழுதவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தீர்களா? இல்லை, அரியர்! காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் போய்விட்டது.

எனக்கு ஊர் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம். நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்து, அப்புறம் எதிர்ப்பும் வழக்குமாகச் செய்திகளில் அடிபட்டதே, அதே ஊர்தான். அந்த ஆய்வகத்துக்காகக் குடைய நினைத்த அம்பரப்பர் மலை எங்கள் மொட்டை மாடியிலிருந்து நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அங்கே நின்று ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணுக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசைப் பிடித்தால் போதும். அவ்வளவு பெரிய மலையும் காணாமல் போய்விடும்!

ரிசல்ட் வந்த பிறகு எனக்கும் அப்படித்தான் ஆனது. அப்பா விடிகாலை ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மூன்று வாரம் மறைத்தேன். சாப்பிட உட்கார்ந்தால் அரியர், பஸ்ஸில் ஏறினால் அரியர், ஜெபம் பண்ண முழங்கால் போட்டாலும் அரியர். வேறு எதுவுமே கண்ணில் படவில்லை.

நண்பன் ஒருவன் ஆறுதல் சொன்னான். "மாப்ள, உலகத்துல எத்தனையோ பேரு சோத்துக்கே வழியில்லாம கெடக்கான். இதெல்லாம் ஒரு கவலையா?" நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் அதைக் கேட்டதும் வருத்தத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. அடுத்தவன் பசி எனக்கு எப்படி மருந்தாகும்?

அப்போதுதான் டோனாவூர் ஞாபகம் வந்தது. போன வருடம் சபை வாலிபர்களோடு திருநெல்வேலி பக்கம் அங்கே போயிருந்தோம். ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அயர்லாந்தில் 1867-ல் பிறந்து, 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர். டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். 1931-ல் ஒரு நாள் இருட்டில் பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தது. சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1951-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் படுக்கையும் அறையும்தான் அவருடைய உலகம்.

படுத்துக்கொண்டே நிறைய எழுதினார். அதில் ஒரு புத்தகம் நோயாளிகளுக்காகவே எழுதியது. சுகமாக இருப்பவர்கள் சொல்லும் ஆறுதல் வலியில் கிடப்பவர்களை எட்டுவதில்லை என்பது அவருக்குப் படுக்கையில்தான் புரிந்ததாம். வலியே இல்லை என்று அவர் நடிக்கவில்லை. 'என்னைவிட மோசமானவர்கள் இருக்கிறார்கள்' என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் இல்லை. வலியை அப்படியே ஆண்டவர் முன்னால் வைத்துவிட்டு, அன்றைக்குச் செய்ய முடிந்த வேலையைச் செய்தார்.

தன் கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டிதான் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றபோது, சிட்டுக்குருவியைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்று இயேசு சொன்னது நினைவுக்கு வந்தது. சிட்டுக்குருவியே கணக்கில் உண்டென்றால், என் அரியரும் அவர் கணக்கில் இருக்கும்தானே? சின்னப் பிரச்சனை என்று வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய அவசியமே இல்லை!

அன்று ராத்திரி ஜெபத்தில் 'பாஸ் ஆக்கும்' என்று கேட்கவில்லை. அப்பாவிடம் சொல்ல தைரியம் மட்டும் கேட்டேன். மறுநாள் சாயங்காலம் அவர் கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத்தன நாளா இதத்தான் மனசுல வச்சுக்கிட்டுச் சரியாச் சாப்பிடாமத் திரிஞ்சியா? திரும்ப எழுத எப்படா பணம் கட்டணும்?" என்றார். அவ்வளவுதான். அவர் முகம் வாடியதை நான் பார்க்காமல் இல்லை. ஆனால் நான் சாப்பிடாததையும் அவர் மூன்று வாரமாகக் கவனித்திருக்கிறார்!

'ஜெபித்தேன், அரியர் பறந்துபோனது' என்று சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அரியர் அப்படியேதான் இருக்கிறது, படித்துத்தான் எழுத வேண்டும். ஐந்து ரூபாய் எப்போதும் ஐந்து ரூபாய்தான். கண்ணை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருக்கிறேன், மலை தெரிகிறது.

உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் என்ன காசு இருக்கிறது? யாரிடமாவது சொல்லிவிடுங்கள் நண்பர்களே. நான் போய் ப்ராசஸ் காஸ்டிங் கணக்கு போட வேண்டும். மீண்டும் சந்திப்போம்!